ஒண்ணே கால் ரூபாயும் என் கைநடுக்கமும்

உத்திரமேரூர்,
விகாரி வருஷம், ஆனி மாதம் 20, சனிக்கிழமை.

மகா கனம் பொருந்திய மைத்துனர் ராஜாராம் அவர்கள் சமூகத்துக்கு, வேதகிரி இரு கை கூப்பி எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் தங்கை கோவிந்தம்மாளும் குழந்தைகளும் சௌக்கியம். அவ்விடம் தாங்களும் வீட்டாரும் சௌக்கியமாக இருப்பதற்கு ஒரு கார்டு போடக் கோருகிறேன்.

சௌக்கியம் என்று எழுதியது மரியாதைக்காக. உண்மையில் தங்கள் தங்கை சௌக்கியம், குழந்தைகள் சௌக்கியம், எருமைகூட சௌக்கியம். நான் ஒருத்தன்தான் மூன்று நாளாகச் சோறு இறங்காமல், யாராவது கதவைத் தட்டினால் எழுந்து கொல்லைப்பக்கம் போய் நின்றுகொண்டிருக்கிறேன். இந்தக் கடிதத்தை வக்கீல் வீட்டுக் கூடத்தில் வைத்துப் படிக்க வேண்டாம். தனியாக இருக்கும்போது படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடவும். தாங்கள் செங்கல்பட்டில் இருபது வருஷமாக வக்கீல் குமாஸ்தாவாக இருப்பதால் கேட்கிறேன். பொய் ரிஜிஸ்டர் எழுதினவனுக்கு எத்தனை மாதம் போடுவார்கள்? எழுதச் சொன்னவனுக்கு எத்தனை மாதம்? இரண்டு பேரையும் ஒரே அறையில் வைப்பார்களா? அப்படி வைப்பதானால் எனக்கு ஒரு மாதம் கூடப் போட்டாலும் பரவாயில்லை, வேறே அறை கேட்டுப் பார்க்கவும்.

தங்களுக்குத் தெரிந்த விஷயமானாலும் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன், அப்போதுதான் வக்கீலுக்கு எடுத்துச் சொல்லச் சௌகரியமாக இருக்கும். நான் சடையப்பன் முதலாளியின் ரைஸ் மில்லில் பதினேழு வருஷமாகக் கணக்கு எழுதுகிறேன். அங்கே நெல் அவிக்கவும், களத்தில் கொட்டிக் காய வைக்கவும், அரிசி புடைக்கவும் பன்னிரண்டு பெண்கள் வேலை செய்கிறார்கள். நாளுக்கு முக்கால் ரூபாய் கூலி, சாயங்காலம் போகும்போது ஆளுக்கு ஒரு படி குருணை. இது யாரும் எழுதி வைத்த விதியல்ல, மில் திறந்த நாளிலிருந்து நடக்கிற வழக்கம். இப்படி இருக்கையில் பங்குனி மாதம் சர்க்காரிலிருந்து ஒரு உத்தரவு வந்தது. ரைஸ் மில்லில் வேலை செய்கிற பெண்ணுக்கு இனிமேல் நாளுக்கு ஒண்ணே கால் ரூபாய்க்குக் குறையாமல் கொடுக்க வேண்டுமாம். அதை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி சுவரில் ஒட்ட வேண்டுமாம். கொடுக்கிற கூலியை ரிஜிஸ்டரில் எழுதி ரேகை வாங்க வேண்டுமாம். தவறினால் ஆறு மாதம் வரை உள்ளே போடலாமாம்.

உத்தரவை நான் படித்துச் சொன்னதும் முதலாளி அதை வாங்கி நாலாக மடித்தார். பிறகு, “இன்ஜின் ரூமு கதவுக்குப் பின்னால ஒட்டு” என்றார். “அங்கே ஒட்டினால் யாருக்கும் தெரியாதே” என்றேன். “ஒட்டணும்னு தானே போட்டு கீறான்? ஒட்டினா சரி. ரிஜிஸ்டர்ல ஒண்ணே கால்னு எழுதிக்கோ. கையில முக்கா குடு. இன்னாத்துக்குய்யா இப்பவே நடுங்கிக்கினு கீற?” என்றார். நான் நடுங்கியது வாஸ்தவம். ஆனாலும் எழுதினேன். பங்குனி முதல் ஆனி வரை, ஒவ்வொரு நாளும், பன்னிரண்டு பெயருக்கும், என் சொந்தக் கையெழுத்தில், முத்து முத்தாக ஒண்ணே கால் ரூபாய் என்று எழுதி, முக்கால் ரூபாய் கொடுத்து, ரேகை வாங்கினேன். தாங்களே சொல்லியிருக்கிறீர்கள், என் கையெழுத்து அச்சடித்த மாதிரி இருக்கும் என்று. அப்போது சந்தோஷப்பட்டேன். இப்போது அந்தக் கையெழுத்தைப் பார்த்தால் எங்காவது ஒளித்து வைக்கத் தோன்றுகிறது, ஏனென்றால் உத்திரமேரூரில் யாரிடம் காட்டினாலும் இது வேதகிரியுடையது என்று சொல்லிவிடுவார்கள்.

இதோடு நின்றிருந்தாலும் பரவாயில்லை. பதினைந்து நாள் கழித்து முதலாளி ரிஜிஸ்டரைப் புரட்டிப் பார்த்தார். தானே எழுதச் சொன்ன பொய் என்பதை மறந்துவிட்டாரோ என்னவோ, அவருக்குத் திடீரென்று கோபம் வந்துவிட்டது. “எம்மாம் பணம் போவுது பாரு! இதுல குருணை வேறயா? நிறுத்து” என்றார். குருணை நின்றுவிட்டது. மைத்துனர் அவர்களே, தாங்களே யோசித்துப் பாருங்கள். கூலியை உயர்த்தச் சட்டம் வந்தது. கூலி உயரவில்லை. இருந்த குருணை போயிற்று. அந்தப் பெண்கள் வீட்டில் குழந்தைகளுக்குக் காலைக் கஞ்சி அந்தக் குருணையில்தான். முதல் நாள் சாயங்காலம் அவர்கள் வழக்கம்போல் முந்தானையை ஏந்திக்கொண்டு நின்றார்கள். நான், “இனிமேல் குருணை கிடையாது” என்று சுவரைப் பார்த்துச் சொன்னேன். முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு போய்விட்டார்கள். திட்டியிருந்தால்கூட எனக்கு இத்தனை பயம் வந்திருக்காது.

வைகாசியில் காஞ்சிபுரத்திலிருந்து லேபர் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்று பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேசிக்கொண்டார்கள். அன்றிலிருந்து காஞ்சிபுரம் பஸ்ஸில் வருகிற எந்த மனுஷனைப் பார்த்தாலும் எனக்குக் கை கால் ஓடவில்லை. ஒரு நாள் காக்கிப் பையோடு ஒருவர் மில் வாசலில் வந்து நின்று, “இங்க பொறுப்பு யாரு?” என்று கேட்டார். எனக்கு என்ன தோன்றியதோ, ஓடிப்போய்த் தவிட்டு அறையில் மூட்டைகளுக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். தவிடு மூக்கில் ஏறி அடக்க முடியாத தும்மல். வேட்டியை வாயில் திணித்துக்கொண்டு ஒரு மணி நேரத்துக்கு மேல் இருந்தேன். கடைசியில் முதலாளி அந்த ஆளையே அழைத்துக்கொண்டு அறைக்குள் வந்தார். அவர் ஐயங்கார்குளத்துக்காரர். மாட்டுக்குத் தவிடு வாங்க வந்தவர். மூட்டையைப் புரட்டினால் நான் இருக்கிறேன். அன்று சாயங்காலம் நான் தலை முதல் கால் வரை தவிடு அப்பிக்கொண்டு வீடு போய்ச் சேர்ந்தபோது தங்கள் தங்கை ஒரு சத்தம் போட்டாள் பாருங்கள், எருமை கயிற்றை அறுத்துக்கொண்டது.

இந்த நிலைமையில் போன திங்கட்கிழமை முதலாளிக்கு ஒரு யோசனை உதித்தது. இன்ஸ்பெக்டர் வந்து பெண்களைக் கேட்டால் என்ன சொல்வது என்று அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்துவிட வேண்டும் என்றார். சொல்லிக் கொடுக்கிற வேலை எனக்கு. செவ்வாய்க்கிழமை மத்தியானம் பன்னிரண்டு பேரையும் களத்து ஓரம் நிற்க வைத்து, “என்ன கூலி என்று சர்க்கார் ஆள் கேட்டால் ஒண்ணே கால் ரூபாய் என்று சொல்ல வேண்டும். எங்கே, சொல்லுங்கள்” என்றேன். சொன்னார்கள். இன்னொரு முறை என்றேன். சொன்னார்கள். எல்லம்மாள் என்று ஒரு வயதான அம்மாள், காது கொஞ்சம் மந்தம், அவள் மட்டும் முக்கால் என்றே சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் காதருகில் போய் “ஒண்ணே கால்! ஒண்ணே கால்!” என்று நான் கத்தியது இன்ஜின் சத்தத்தையும் மீறி நெல் மண்டிக் கடை வரை கேட்டதாம்.

அப்போது செங்கேணி என்கிற பெண், அவள்தான் அவர்களில் நெல் அவிக்கிற அடுப்பைப் பார்த்துக்கொள்பவள், கையிலிருந்த துடுப்பைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்:

“ஏங்க கணக்குப்புள்ள, எங்க கைக்கு வர்றது முக்கா ரூபா. எதுக்கு ஒண்ணே கால்னு சொல்லணும்? ரெண்டு ரூபான்னு சொன்னா இன்னா?”

நான் யோசிக்காமல், “ரெண்டு என்று சொல்லக்கூடாது, சர்க்கார் ரேட்டு ஒண்ணே கால்தான்” என்று சொல்லிவிட்டேன்.

சொன்ன பிறகுதான் என் வாயைப் பொத்திக்கொண்டேன். மூன்று மாதமாக இன்ஜின் அறைக் கதவுக்குப் பின்னால் ஒளித்து வைத்திருந்ததை நானே நடுக்களத்தில் நின்று பன்னிரண்டு பேருக்கும், செவிட்டுக் காதுக்கும் கேட்கிற மாதிரி, மனப்பாடமாகும் வரை சொல்லிக் கொடுத்திருக்கிறேன். செங்கேணி என்னைக் கோபமாகப் பார்க்கவில்லை. “அப்படிங்களா” என்றாள். துடுப்பை எடுத்துக்கொண்டு அடுப்புக்குப் போய்விட்டாள். அந்த “அப்படிங்களா” என் காதில் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

மறுநாளே இன்ஸ்பெக்டர் வந்துவிட்டார். நான் பஸ்ஸையே பார்த்துக்கொண்டிருக்க, அவர் திருப்புலிவனம் பக்கமிருந்து சைக்கிளில் வந்தார். ஒல்லியான மனுஷர், மூக்குக்கண்ணாடி, கால்சட்டையின் அடியை மடித்துக் கிளிப் போட்டிருந்தார். ஒரு செம்புத் தண்ணீர் கேட்டுக் குடித்தார். ரிஜிஸ்டரைக் கேட்டார். கொடுத்தேன். என் கை ஆடியதில் ரிஜிஸ்டர் அவர் கைக்குப் போகாமல் இரண்டு முறை மேஜைக்குப் போயிற்று. “கையெழுத்து ரொம்ப அழகா இருக்கே, யாருடையது?” என்றார். முதலாளி உடனே, “அவருதுதான் சார், எல்லாம் அவர்தான்” என்று என்னைக் காட்டினார். ‘எல்லாம்’ என்ற அந்தச் சொல்லை வக்கீலிடம் மறக்காமல் சொல்லவும்.

பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். முதலில் வந்தது எல்லம்மாள்.

“உன் பேர் என்னம்மா?” என்றார்.

“ஒண்ணே கால் ரூபா சார்” என்றாள்.

“அது இல்லம்மா, பேரு. பேரு என்ன?”

“ஒண்ணே கால் ரூபா சார். கணக்குப்புள்ள கையாலதான் வாங்கறோம்.”

“உனக்கு வயசு என்ன ஆகுது?”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்து, சரியாகத்தான் சொல்கிறேனா என்பது போலத் தலையை ஆட்டிவிட்டு, இன்னும் பலமாக, “ஒண்ணே கால் ரூபா!” என்றாள்.

இன்ஸ்பெக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். முதலாளி கூரையைப் பார்த்தார். நான் தூணைப் பிடித்துக்கொண்டேன். அடுத்து செங்கேணியைக் கூப்பிட்டார். மைத்துனர் அவர்களே, அப்போது என் மனதில் ஓடியதைச் சொல்கிறேன். அவள் உண்மையைச் சொன்னால் நான் ஜெயிலுக்குப் போவேன். பொய்யைச் சொன்னால் அவளுக்கும் அவள் குழந்தைகளுக்கும் ஒன்றும் மிஞ்சாது. இரண்டில் எது நடக்க வேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன் என்பதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

“உனக்கு என்ன கூலி?” என்றார்.

“சார், நேத்து வரைக்கும் உள்ளதக் கேக்காதீங்க” என்றாள் செங்கேணி. “கணக்குப்புள்ள நேத்துதான் சொன்னாரு, சர்க்காரு ரேட்டு ஒண்ணே கால் ரூபான்னு. பன்னெண்டு பேரும் கேட்டோம். இன்னிக்கி சாயங்காலம் குடுப்பாங்க. அஞ்சு மணிக்குக் கூலி. இருந்து பாத்துட்டுப் போங்க சார். தூரத்துலேர்ந்து சைக்கிள் மிதிச்சிக்கினு வந்து கீறீங்க.”

இன்ஸ்பெக்டர் அவளைப் பார்த்தார், முதலாளியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். “சரி, இருக்கேன்” என்று நாற்காலியை நிழலில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

அன்றைக்கு அஞ்சு மணி ஆகிற வரைக்கும் நான் பட்ட பாடு போதும். சில்லறைக்காக முதலாளி வீட்டுக்கும் மண்டிக்கும் மூன்று முறை ஓடினேன். அஞ்சு மணிக்கு வரிசையாக நின்றார்கள். முதலாளியே தன் கையால் ஆளுக்கு ஒண்ணே கால் ரூபாய் கொடுத்தார். கொடுக்கும்போது அவர் முகம் பல் பிடுங்கிக்கொள்கிறவர் முகம் மாதிரி இருந்தது. எல்லாம் ஒழுங்காக நடந்து முடிகிற சமயம், எல்லம்மாள் காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, காது மந்தமானவர்கள் ரகசியம் பேசுகிற குரலில், களம் முழுக்கக் கேட்கும்படி என்னிடம் கேட்டாள்: “இத்த எப்ப திருப்பித் தரணும் கணக்குப்புள்ள?”

இன்ஸ்பெக்டர் ரிஜிஸ்டரை எடுத்துத் தன் பையில் வைத்துக்கொண்டார். “இது என்கிட்ட இருக்கட்டும். மறுபடியும் வருவேன், எப்போன்னு சொல்ல மாட்டேன்” என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு சைக்கிளில் ஏறினார். பையில் ரிஜிஸ்டர் என்று எழுதுகிறேன், உள்ளே போனது நான்தான்.

சைக்கிள் ஏரிக்கரை திரும்பியதும் முதலாளி என்னைக் கூப்பிட்டார். “போ. ஆளுக்கு அர ரூபா திருப்பி வாங்கிக்கினு வா. ஆறு ரூபா. இல்லாம நீ திரும்பி வராத” என்றார். நான் போனேன். அவர்கள் தெருவுக்குள் பதினேழு வருஷத்தில் நான் ஒரு முறையும் போனதில்லை. அப்போது விளக்கு வைக்கிற நேரம். எல்லா வீட்டிலும் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது, கருவாட்டுக் குழம்பு வாசனை தெருமுனைக்கே வந்தது. செங்கேணி வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள். அது குருணை இல்லை, முழு அரிசி. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றாள்.

“இன்னாங்க, வாங்கிக்கினு வரச் சொன்னாரா?” என்றாள்.

நான் தெருமுனையைத் திரும்பிப் பார்த்தேன்.

“கேளுங்க. ஒவ்வொரு வூடா போய்க் கேளுங்க. எல்லம்மா கண்ணுக்கு மருந்து வாங்கிக்கினு இப்பதான் வந்திச்சு. அங்கேர்ந்தே ஆரம்பிங்க” என்றாள். கோபமில்லை, கிண்டலில்லை, வழி சொல்வது போலத்தான் சொன்னாள்.

நான், “எருமை இந்தப் பக்கம் வந்ததா என்று பார்க்க வந்தேன்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிவிட்டேன். நேரே வீட்டுக்குப் போய், கூரைக்குக் கீற்று வாங்கத் தங்கள் தங்கை பானையில் வைத்திருந்த பணத்திலிருந்து ஆறு ரூபாய் எடுத்து, முதலாளியிடம் கொண்டுபோய், வாங்கிவிட்டேன் என்று கொடுத்தேன். எண்ணிப் பார்த்துப் பையில் போட்டுக்கொண்டார். குறைந்தபட்சக் கூலிச் சட்டத்தின்படி தன் கையிலிருந்து கூலி கொடுத்த குமாஸ்தா இந்த ராஜதானியில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். தங்கள் தங்கைக்கு மறுநாள் தெரிந்துவிட்டது. அவள் சொன்னதை எல்லாம் எழுதப் பேப்பர் போதாது. ஆனால் கடைசியில், “எல்லம்மா கண்ணு இன்னா ஆச்சாம்?” என்று கேட்டாள்.

வியாழக்கிழமை முதலாளி புதிதாக ஒரு கணக்குப் போட்டார். இன்ஸ்பெக்டர் எப்போது வருவாரோ தெரியாது, ஒண்ணே கால் கொடுத்துத்தான் ஆக வேண்டும், ஆகையால் பன்னிரண்டு பேர் வேண்டாம், எட்டுப் பேர் போதும் என்றார். “யாரை நிறுத்துவது?” என்றேன். “அத்த நீயே பாத்துக்கோ” என்றார். யாரை நிறுத்துவேன்? எல்லம்மாளையா? கைக்குழந்தைக்காரியையா? பெயர்களைத் துண்டுத்தாளில் எழுதி, அடித்து, மறுபடி எழுதி, தாளே கிழிந்துபோயிற்று. செங்கேணியிடம் போய்ச் சொன்னேன். சொன்னால் துடுப்பால் அடிப்பாளோ என்று இரண்டு அடி தள்ளியே நின்றேன். அவள் அடுப்புக்கு உமி தள்ளிக்கொண்டே சொன்னாள்:

“யாரும் நிக்க வேணாம். பன்னெண்டு பேரும் மாத்தி மாத்தி வர்றோம். ஆளுக்கு வாரத்துல நாலு நாளு. நாலு நாளைக்கு அஞ்சு ரூபா ஆவுது. முன்ன ஆறு நாளு வந்தாலும் நாலரதான். மீதி ரெண்டு நாளு களையெடுக்கப் போவோம்.”

“எட்டுப் பேர் பன்னிரண்டு பேர் வேலையைச் செய்ய வேண்டுமே” என்றேன்.

“செய்யணும்தான். இடுப்பு ஒடியுந்தான்” என்றாள். “குருணைய மட்டும் கேட்டுக் குடுங்க. அத்த நாங்க வுட மாட்டோம்.”

அதைக் கேட்க எனக்கு இன்னும் தைரியம் வரவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. முதலாளிக்கு எட்டுத் தலைகள் தெரிகின்றன, எந்த எட்டு என்று அவர் பார்ப்பதில்லை. நேற்று எல்லம்மாள் முறை, மற்றவர்கள் அவள் பங்கு நெல்லையும் சேர்த்துக் கிளறிவிட்டார்கள். நான் புது ரிஜிஸ்டர் ஒன்று ஆரம்பித்து, கொடுத்ததை எழுதுகிறேன், எழுதியதைக் கொடுக்கிறேன். இது எனக்குப் பழக்கமில்லாததால் இரண்டு முறை தப்பு வந்துவிட்டது.

ஆனால் அந்தப் பழைய ரிஜிஸ்டர் காஞ்சிபுரத்தில் இருக்கிறது. சம்மன் எந்த நாளும் வரும். ஆகவே, தாங்கள் இந்தக் கடிதம் கண்டவுடன் வக்கீல் ஐயாவைக் கலந்துகொண்டு, அவருக்கு என்ன பீஸ் என்று தெரிந்துகொண்டு, முடிந்தால் அவரையும் அழைத்துக்கொண்டு வரவும். ஜாமீனுக்கு யாராவது வேண்டுமானால் தாங்களே நிற்கவும். வேலூருக்குத்தான் அனுப்புவார்கள் என்றால் அங்கே குளிர் அதிகமா என்று விசாரித்து எழுதவும். என் தாயாருக்கு மட்டும் தெரிய வேண்டாம், திருப்பதிக்கு நடந்து போயிருக்கிறேன் என்று சொல்லிக்கொள்ளலாம்.

வீட்டில் பெரியவர்களுக்கு என் வணக்கத்தையும், சிறியவர்களுக்கு ஆசியையும், தங்கள் வீட்டாருக்குத் தங்கள் தங்கையின் அன்பையும் சொல்லவும். எம்பெருமான் தங்களுக்கு நீண்ட ஆயுளும், எனக்குக் குறைந்த தண்டனையும் அருளட்டும்.

இப்படிக்கு,
பயத்துடன்,
வேதகிரி.

பின் குறிப்பு: மேலே எழுதியதை ஒட்டுவதற்குள் தபால்காரர் வந்துவிட்டார். காஞ்சிபுரத்திலிருந்து சர்க்கார் கவர். நான் பிரிக்க மாட்டேன் என்றேன், தங்கள் தங்கை பிரித்துப் படித்தாள். சட்டத்தின்படி வழக்கு முதலாளி பேரில்தானாம், என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிடுகிறார்கள். கூலி குறைவாகப் பெற்றவர்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பதின்மூன்று பெயர். பன்னிரண்டு பெண்கள் போக, பதின்மூன்றாவது: வேதகிரி, குமாஸ்தா. அன்றைக்கு இன்ஸ்பெக்டர் சைக்கிள் ஏறும்போது என்னை, “உமக்கு என்ன சம்பளம்?” என்று கேட்டார். நானும் பயத்தில் உண்மையாக முப்பத்தைந்து என்று சொல்லிவிட்டேன், தங்களுக்கு எழுத விட்டுப்போயிற்று. மில் குமாஸ்தாவுக்கு அறுபதுக்குக் குறையக்கூடாதாம். மீதியைக் கேட்டு மனுப் போட வேண்டுமாம், அச்சடித்த மனுப் பாரத்தையும் இன்ஸ்பெக்டர் கவருக்குள் வைத்திருந்தார். கையெழுத்துப் போட மாட்டேன் என்றேன். தங்கள் தங்கை அரிவாள்மனையை நகர்த்தி வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தாள். போட்டேன். அவளே கொண்டுபோய்த் தபால் பெட்டியில் போட்டுவிட்டு வந்தாள்.

ஆகையால் வக்கீல் வேண்டாம், ஜாமீன் வேண்டாம், வேலூர்க் குளிரை விசாரிக்க வேண்டாம். சர்க்காரிடம் இனி எனக்குப் பயமில்லை. ஆனால் முதலாளியிடம் இதை இன்னும் சொல்லவில்லை. திங்கட்கிழமை காலை எனக்கு ஜுரம் வரப்போகிறது. தாங்கள் வந்து மில் வாசல் வரைக்கும் என்னோடு கூட நடந்தால்தான் அது விடும்.